பனிமேல் ஒரு கரிய கோடு



நம்மவர் வீட்டுச் சுவர்களுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. நடுக்கூடத்தில் அரபு எழுத்தணியில் ஓர் இறைவசனம். அதன் பக்கத்தில் கஅபாவின் படம், அல்லது மதீனாவின் பச்சைக் குவிமாடம். கதவருகே தொழுகை நேரங்கள் அச்சிட்ட நாட்காட்டி. பெரும்பாலான வீடுகளில் இவ்வளவுதான் இருக்கும். மறைந்த பெரியவர்களின் உருவப்படத்தை மாட்டி வைக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. அவர்களுக்காகத் துஆ செய்கிறோம். அவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம்.

உயிருள்ளவற்றின் உருவங்களைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. கையால் வரைவதும் ஒளியால் பதிவதும் ஒன்றா, தேவைக்கு எடுப்பதும் அலங்காரத்துக்கு மாட்டுவதும் ஒன்றா என்று பல கேள்விகள் எழுந்து, பல விடைகளும் தரப்பட்டுள்ளன. அந்த விவாதத்துக்குள் நாங்கள் இங்கே நுழையவில்லை. ஆனால் மரமும் மலையும் நீரும் அந்தத் தடைக்குள் வருவதில்லை என்பதே பெரும்பான்மையோரின் நிலைப்பாடு. ஓவியம் வரைந்தே பிழைக்க வேண்டியிருந்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அறிவுரை சொன்ன செய்தி ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றிருக்கிறது.

இதற்கு மிகப் பழைய சான்று ஒன்று டமாஸ்கஸ் நகரில் இருக்கிறது. உமையாக் கலீஃபா வலீதின் காலத்தில், கி.பி. 715 அளவில் நிறைவுற்ற பெரிய பள்ளிவாசலின் முற்றத்தைச் சுற்றியுள்ள மண்டபச் சுவர்களில், பொன்னும் பச்சையுமாகச் சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து நிலக்காட்சிகளை அமைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று 30 மீட்டருக்கும் மேல் நீளமானது. ஓடும் ஆறும், கரையில் உயர்ந்த மரங்களும், மாளிகைகளும், சிறு வீடுகளும் அதில் உள்ளன. மனிதர் ஒருவரும் இல்லை. ஒரு பறவைகூட இல்லை. நெடுங்காலம் பூச்சுக்குள் மறைந்திருந்த அந்தக் காட்சி 1920களின் இறுதியில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அது டமாஸ்கஸின் பரதா ஆறு என்பார் சிலர். சுவனத்தின் சித்திரிப்பு என்பார் வேறு சிலர். ஆளில்லாத நிலக்காட்சியை விரும்பிப் பார்ப்பது நமக்கு நேற்று வந்த பழக்கமன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

எங்கள் கூடத்துச் சுவரிலும் அத்தகைய ஒரு படம் இருக்கிறது. குளிர்காலத்து ஏரி ஒன்றையும் அதன் பின்னே மலை ஒன்றையும் காட்டும் புகைப்படம் அது. அதைச் சுற்றி எங்கள் வீட்டில் நடந்த பேச்சையே இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நாங்கள் என்பது கணவன், மனைவி இருவரையும் குறிக்கும். இருவரும் உட்கார்ந்து பேசியே இதை எழுதினோம். எங்களுக்குள் ஒத்துப்போகாத இடங்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

படத்தை எடுத்தவன் எங்கள் தங்கை மகன். புகைப்படக் கலையை முறையாகப் பயின்றவன். திருமண வீடுகளில் படமெடுத்துச் சேர்த்த பணத்தைச் செலவிட்டு, 2021 ஜனவரியில் ஸ்ரீநகருக்குச் சென்றான். அந்த மாதம் அங்கே வெப்பநிலை மைனஸ் 8 பாகைக்கும் கீழே இறங்கியது; முப்பது ஆண்டுகளில் காணாத குளிர் என்று செய்தித்தாள்கள் எழுதின. தால் ஏரி உறைந்துபோயிருந்தது. தென்பாண்டிக் கடலோரத்தில் பிறந்து, மார்கழி இரவிலும் மின்விசிறியின் கீழ் உறங்கிப் பழகிய பிள்ளை அவன். ஒன்பது நாள் அங்கே தங்கி, ஒன்பது விடியலிலும் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறான்.

ஜனவரியில் ஸ்ரீநகரில் சூரியன் உதிக்க ஏறத்தாழ ஏழரை மணி ஆகிவிடும். ஸுப்ஹு தொழுதுவிட்டு நடந்து சென்றால், வெளிச்சம் பரவுவதற்கு முன்பே மேற்குக் கரையில் இடம் பிடித்துவிடலாம். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் ஸபர்வான் மலைத்தொடர் தெரியும். அதன் பின்புறமிருந்துதான் சூரியன் எழ வேண்டும். எழுவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில், மலையும் ஏரியும் தமக்கென்று எந்த நிறமுமின்றி, நீலமும் சாம்பலும் கலந்த ஒரே ஒளியில் நிற்கும். அவன் வேண்டியது அந்த ஒளியைத்தான்.

பனியைப் படமெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு என்று அவன் விளக்கினான். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் கருவி, தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். எங்கும் வெண்பனியாக இருந்தால், வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று கணித்துப் படத்தை இருட்டாக்கிவிடும். பனி சாம்பல் குவியலாகத் தெரியும். எடுப்பவர் கருவியின் கணக்கைப் புறந்தள்ளி, ஓரிரு படி கூடுதலாக ஒளியை அனுமதித்தால்தான் வெண்மை வெண்மையாக நிற்கும். கடுங்குளிரில் மின்கலம் விரைவில் தளர்ந்துவிடும் என்பதால், மாற்று மின்கலங்களை மார்புக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தானாம். திரும்பி வந்ததும் கேமராவைச் சூடான அறைக்குள் உடனே திறக்கக்கூடாது; கண்ணாடிவில்லை முழுதும் நீர் பூத்துவிடும் என்றான்.

அவன் சொன்னதைக் கேட்கையில் எங்களுக்கு இப்னுல் ஹைதமின் நினைவு வந்தது. பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்த அந்த அறிஞர், கண்ணிலிருந்து ஏதோ கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகவில்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே உண்டாகிறது என்று நிறுவினார். இருண்ட அறை ஒன்றின் சிறு துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் உள்ளே தனித்தனி இடத்தில் விழுவதைக் காட்டினார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டும் மறைந்தது. கேமரா என்ற சொல் அரபியிலிருந்து வந்தது என்று நம்மவர் சிலர் பெருமையோடு சொல்வதுண்டு. அது அறை எனப் பொருள்படும் லத்தீன் சொல். பெருமைக்குச் சொல்லைத் தேட வேண்டியதில்லை, அந்த இருண்ட அறையில் நடந்த சோதனையே போதும்.

இனி, படத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறோம். மேற்பகுதியில் ஸபர்வான் மலை, முகடுவரை பனி. பள்ளங்களில் மட்டும் மரங்கள் கருத்த இழைகளாக இறங்குகின்றன. மலைக்கு மேலே மேகமற்ற வெளிறிய வானம். கீழ்ப்பாதி முழுவதும் ஏரி. அது நீராக இல்லை. மாவு தூவிய பலகையைப் போல, மெல்லிய வெண்பனி படர்ந்த உறைதளமாக இருக்கிறது. அந்த வெண்மையின் குறுக்கே, இடப்பக்க ஓரத்திலிருந்து கிளம்பி, சற்றே வளைந்து, மலையடிவாரத்தை நோக்கிப் போகும் கரிய கோடு ஒன்று. ஏரியில் மலையின் பிம்பம் அந்தக் கோட்டுக்குள் மட்டுமே தெரிகிறது; உச்சியின் ஒரு துண்டு, தலைகீழாக. மற்ற இடமெல்லாம் பனி மூடிவிட்டதால் பிம்பம் விழ வழியில்லை. பார்ப்பவரின் கண்ணை மலைவரை அழைத்துச் செல்வது அந்தக் கோடுதான் என்று மருமகன் சொன்னான். பருத்தித் தாளில் அச்சிட்டு, எளிய மரச்சட்டமிட்டு, எங்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்து தந்தான்.

எங்களோடு வாழும் உம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. எந்தப் படம் வீட்டுக்குள் வந்தாலும் அவரிடம் அனுமதி பெற வேண்டும். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சட்டத்தின் நான்கு மூலைகளையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "இதுல உசிரு ஏதும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றான் பேரன். "அப்ப மாட்டுங்க. பார்க்கக் குளுமையா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

உண்மையிலேயே குளுமையாகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் சுவர்கள் அனல் கக்கும் நண்பகலில், லுஹர் தொழுதுவிட்டு அந்தப் படத்தின் எதிரே உட்கார்ந்திருப்பது எங்களுக்கு ஒரு பழக்கமாயிற்று. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் அது உதவியது. பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்ந்து கனமாகும். தண்ணீரும் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் 4 பாகையில் நின்றுவிடுகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகிறது. உறைந்தால் பருமன் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு கூடி மிதக்கிறது. ஆகவே ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது. மேலே படரும் பனிக்கட்டியே கீழேயுள்ள நீருக்குக் கூரையாகிறது. அந்தக் கூரையின் கீழ் மீன்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. தண்ணீருக்கு இந்த இயல்பு இல்லாமல் பனிக்கட்டி மூழ்கிக்கொண்டே இருந்தால், குளிர்நாட்டு ஏரிகள் அடியிலிருந்து இறுகிப்போயிருக்கும். படைத்தவனின் அத்தாட்சிகளைச் சிந்திக்கும்படி திருமறை திரும்பத் திரும்ப அழைக்கிறது. மலைகளை முளைகளாக நாட்டியதை நினைவூட்டுகிறது. உயிரே இல்லாத ஒரு படத்தின் அடியில் இத்தனை உயிர்கள் காக்கப்பட்டிருப்பதை எண்ணி, சுப்ஹானல்லாஹ் என்று சொல்லிக்கொள்வோம்.

இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு எங்கள் மகன் தன் வகுப்புத் தோழர் ஒருவரை அழைத்து வந்தான். காஷ்மீரத்துப் பிள்ளை. நான்கு நாள் விடுமுறைக்கு அத்தனை தொலைவு போய்வர இயலாது என்பதால் விடுதியிலேயே தங்கவிருந்தவர். எங்கள் வீட்டில் உருது தெரிந்தவர் மகன் மட்டுமே. அதுவும் விடுதியில் கற்ற உருது. உம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. இருந்தும் முதல் நாளே அவர் அந்தப் பிள்ளையை, "சாப்பிடுங்க வாப்பா" என்று தமிழிலேயே உபசரிக்க, அந்தத் தம்பியும் விளங்கிக்கொண்டு சாப்பிட்டார்.

பெருநாள் தொழுகை முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தபோதுதான் அவர் படத்தைக் கவனித்தார். எழுந்து போய் நின்று வெகுநேரம் பார்த்தார். அழகான இடம் என்றோ, நல்ல படம் என்றோ சொல்லவில்லை. அந்தக் கரிய கோட்டைத் தொடாமல், விரலை மட்டும் அதன் மேலாக ஓட்டிக் காட்டி, இது படகு போன வழி என்றார்.

ஏரி உறைந்த காலையில் படகு தானாக நகராது. ஒருவர் முன்முனையில் நின்று துடுப்பாலோ கம்பாலோ பனிக்கட்டியை அடித்து உடைக்க வேண்டும்; மற்றவர் பின்னிருந்து தள்ள வேண்டும். இதய வடிவில் செதுக்கிய அவர்கள் ஊர்த் துடுப்பின் தட்டையான முகம் அதற்கும் பயன்படும். உடைத்த வழி பகலில் திறந்திருக்கும். இரவில் மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்த விடியலில் திரும்பவும் உடைக்க வேண்டும். ஏரிக்குள் வாழ்வோருக்குப் பாலும் ரொட்டியும் வந்து சேர்வதும், காய்கறியைப் படகுச் சந்தைக்குக் கொண்டுபோவதும், நோயாளியைக் கரைசேர்ப்பதும் அந்த வழியில்தான். இந்தக் கோட்டைக் கீறியவர்கள் எதற்காகப் போனார்கள் என்று தம்மால் சொல்ல முடியாது, ஆனால் வேலையில்லாமல் எவரும் அந்த நேரத்தில் பனியை உடைக்க மாட்டார்கள் என்றார்.

பிறகு படத்தின் இடப்பக்க ஓரத்தையும் தாண்டி, சட்டத்துக்கு வெளியே, எங்கள் வீட்டு வெள்ளைச் சுவரில் இரண்டு விரல் தள்ளி ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். எங்கள் வீடு இங்கே இருக்கிறது என்றார்.

மகன் மொழிபெயர்த்ததும் உம்மா எழுந்து வந்து அந்தச் சுவரைப் பார்த்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அந்தக் குளிரில் என்ன சாப்பிடுவார்கள், உளூவுக்குத் தண்ணீர் எங்கே என்று வரிசையாகக் கேட்டார். தம்பியும் சலிக்காமல் விடை சொன்னார். அவருடைய பாட்டியார், பெற்றோர், இரு தங்கைகள் என ஐவர் அங்கே இருக்கிறார்கள். தந்தை படகோட்டுவதோடு, மிதக்கும் தோட்டத்தில் காய்கறியும் பயிரிடுகிறார். நத்ரு எனப்படும் தாமரைத் தண்டைக் குளிர்ந்த நீரிலிருந்து பறிப்பதும் உண்டு. கோடையில் கத்தரிக்காயையும் சுரைக்காயையும் அரிந்து வெயிலில் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். குழாயில் நீர் உறைந்தால் அதன் கீழ் நெருப்புக் காட்டுவார்கள். மண்சட்டியில் தணல் நிரப்பிப் பிரம்புக் கூடைக்குள் வைத்த காங்கிரியை ஃபெரன் அங்கிக்குள் அணைத்துக்கொண்டு நாளைக் கழிப்பார்கள். பள்ளிவாசல்களில் ஹமாம் உண்டு. கல்தளத்தின் கீழே விறகு எரியும். உளூவுக்கு வெந்நீர் கிடைப்பதும், தொழுதபின் வயோதிகர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதும் அந்தச் சூட்டில்தான்.

குளிர்காலத்தின் கொடிய பகுதி டிசம்பர் 21 அன்று தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும், அதற்குச் சில்லை கலான் என்று பெயர் என்றார் தம்பி. சில்லா என்ற சொல்லைக் கேட்டதும் உம்மாவின் முகம் மலர்ந்தது. ஜமாஅத்தில் நாற்பது நாள் புறப்படுவதை நம் ஊர்களிலும் சில்லா என்றுதானே சொல்கிறோம். நாற்பது நாள் என்ற அதே பாரசீகச் சொல் அங்கே பனிக்கும் இங்கே பயணத்துக்கும் வழங்குகிறது. பெரிய சில்லாவுக்குப் பின் இருபது நாள் சிறிய சில்லா, அதன்பின் பத்து நாள் குழந்தைச் சில்லா என்று மீதிக் குளிருக்கும் அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அன்றிரவு எங்கள் இருவருக்குள்ளும் பேச்சு நீண்டது. எங்களில் ஒருவர், அந்தப் படத்தைக் கூடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று கருதினார். நம் கடற்கரையின் விடியலை ஒருவர் படமெடுத்து, கரையேறாத படகுக்காகக் காத்து நிற்கும் பெண்களை விட்டுவிட்டு, வெறும் அலையையும் வானத்தையும் மட்டும் தொலைதூர நகரத்துக் கூடத்தில் மாட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்களுக்கு வாழ்க்கையாக இருக்கும் குளிரை நாம் குளுமை என்கிறோம். மற்றவரின் கருத்து வேறு. மலையின் அழகு அங்கே வாழ்வோரின் துன்பத்தால் பொய்யாகிவிடுவதில்லை. அந்தத் தம்பியே எத்தனை நேரம் நின்று பார்த்தார்! பிறந்த ஊரின் மலையை ஒருவர் இத்தனை தொலைவில் கண்டு கண் நிறைவதற்கு இந்தச் சுவர் காரணமாயிற்று என்றால், அதை எடுப்பானேன்?

மறுநாள் மருமகனோடு தொலைபேசியில் பேசினோம். அந்தக் காலையில் படகைப் பார்த்தாயா என்று கேட்டோம். பார்த்தேன் என்றான். வெளிச்சம் வருவதற்கு முன், இருவர் பனியை உடைத்துக்கொண்டு போனார்கள். ஓசை முதலில் கேட்டது, பிறகு உருவம் தெரிந்தது. பின்னால் அமர்ந்து தள்ளியவர் ஒரு பெண். கேமரா ட்ரைபாடில் அணியமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்காமல் அவர்களைப் படமெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. கேட்கவோ தொலைவு அதிகம். அவர்கள் கடந்து போகும்வரை கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு, உடைந்த வழியில் நீர் அசைவது அடங்க அரைமணி நேரம் காத்திருந்து படமெடுத்தான். அவர்களை நான் நீக்கவில்லை மாமா, அவர்களுக்கு வழிவிட்டேன் என்றான்.

இந்த விடை எங்களை நெடுநாள் சிந்திக்க வைத்தது. மனிதரை விட்டுவிடுவது இரண்டு வகையில் நிகழலாம். அவர்கள் அங்கே இருப்பதே தேவையில்லை என்று துடைத்துவிடுவது ஒன்று. சுற்றுலா விளம்பரங்களில் அதைக் காண்கிறோம். அவர்களுடைய வெட்கத்துக்கும் உரிமைக்கும் மதிப்பளித்துப் பார்வையைத் தாழ்த்திக்கொள்வது மற்றொன்று. பார்வையைப் பேணுமாறு நமக்குக் கற்பித்த மார்க்கம், கேமராவின் பார்வைக்கும் அதையே சொல்லும் என்று நம்புகிறோம். இந்த இரண்டு வகையும் சுவரில் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் இடர்ப்பாடு. எடுத்தவனின் மனத்தில் இருந்த மரியாதை தாளில் அச்சாகவில்லை. தாளில் இருப்பது மலை, ஏரி, ஒரு கோடு. மிச்சத்தைப் பார்ப்பவர்தான் தம் நெஞ்சில் சுமக்க வேண்டும்.

டமாஸ்கஸ் சுவர்ச் சித்திரத்தை நாங்கள் இப்போது வேறு விதமாக நினைத்துப் பார்க்கிறோம். அந்த ஆற்றங்கரை வீடுகளில் ஆள் இல்லை. ஆனால் அந்தச் சுவருக்கு எதிரே, முற்றத்தில், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மனிதர்கள் நடந்தும் தொழுதும் வந்திருக்கிறார்கள். சித்திரத்தில் விடப்பட்ட இடம் பார்ப்பவருக்கானது போலும்.

அந்தத் தம்பி சொன்ன இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். தால் ஏரி நலிந்து வருகிறது. கழிவுநீரும் களையும் வண்டலும் ஆக்கிரமிப்பும் சேர்ந்து அதன் பரப்பைக் குறைத்துவிட்டன. ஏரியைக் காப்பதற்காக, அதனுள் வாழும் குடும்பங்களைக் கரையேற்றி, நகரின் மேற்கே ரக்-இ-அர்த் போன்ற இடங்களில் குடியமர்த்தும் பணி பல ஆண்டுகளாக நடந்தது. அவருடைய பெரியப்பா குடும்பம் அப்படிப் போய்விட்டது. அங்கே சாலை உண்டு; மருத்துவரிடம் போகப் பனியை உடைக்க வேண்டியதில்லை. ஆனால் தோட்டமும் படகும் இல்லை. அவற்றோடு பெரியப்பாவின் தொழிலும் இல்லை. பாட்டியார் மட்டும் ஏரியை விட்டு நகர மறுக்கிறார். ஏரி பிழைக்க வேண்டும் என்பதும் நியாயம். பாட்டியாரின் பிடிவாதமும் நியாயம். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. ஒன்றை மட்டும் அறிகிறோம். ஒரு நாள் அந்த ஏரியில் எவரும் வாழாமல் போனால், உறைந்த காலையில் பனியை உடைக்க யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது எடுக்கப்படும் படத்தில் கோடு இருக்காது; மலையின் பிம்பமும் இருக்காது. பனி முழுவதுமாக மூடியிருக்கும்.

படம் கூடத்திலேயே இருக்கிறது. அதை முடிவு செய்தவர்கள் நாங்கள் அல்லர், உம்மாதான். "எடுத்துட்டா அந்தப் புள்ளயோட வீட்ட எங்கேன்னு போய்ப் பாக்குறது?" என்று கேட்டார். படத்தின் இடப்பக்கத்துச் சுவரில் வேறெதுவும் மாட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். நாட்காட்டி அதனால் கதவுக்கு மறுபக்கம் போயிற்று.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பிறந்ததும், "சில்லா தொடங்கியாச்சா?" என்று உம்மா கேட்கத் தொடங்குவார். அந்த நாற்பது நாளும் இஷாவுக்குப் பின் அவர் செய்யும் துஆவில் அந்த ஐவரும் இடம்பெறுவார்கள். முதலில் குளிர் குறைய வேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். 2024 ஜனவரியில் காஷ்மீரத்தில் பனியே பெய்யவில்லை. குல்மர்க்கின் சரிவுகள் மண்ணும் காய்ந்த புல்லுமாகக் கிடந்த படங்கள் வந்தன. துஆ கபூலாகிவிட்டது என்று மகிழ்ந்து, தம்பியிடம் சொல்லச் சொன்னார். தம்பி தயங்கித் தயங்கி விளக்கினார்: சில்லை கலானில் விழும் பனிதான் மலையில் தங்கிக் கோடையில் ஓடையாக இறங்கும். அது விழாவிட்டால் வயலுக்கும் தோட்டத்துக்கும் ஏரிக்கும் நீர் குறையும். ஆகவே பாட்டியாரும் மற்றவர்களும் பனி கேட்டுத் துஆ செய்துகொண்டிருக்கிறார்கள்.

உம்மா அன்றே தம் துஆவை மாற்றிக்கொண்டார். பனி பெய்யட்டும், ஆனால் அந்த வீட்டில் விறகும் தணலும் குறையாதிருக்கட்டும் என்று கேட்டார். மாதக் கடைசியில் பனி விழுந்த செய்தி வந்தபோது, அவர் எங்களுக்கு இனிப்புச் செய்து கொடுக்கச் சொன்னார்.

ஒரு மக்களுக்காக இரங்குவது எளிது. அவர்களுக்கு எது தேவை என்று அவர்களிடமே கேட்டு, அதன்பின் கையேந்துவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு மலையோ ஏரியோ கடலோ சுவரில் இருக்கலாம். கைபேசித் திரையில் இருக்கலாம். அதைக் கண்டு சுப்ஹானல்லாஹ் சொல்லுங்கள். அது படைத்தவனுக்கு உரியது. சொன்னபின் சட்டத்துக்கு இரண்டு விரல் தள்ளி யார் வாழ்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் உங்கள் தெருவிலேயே சால்வை விற்றுக்கொண்டிருக்கலாம். உங்கள் பிள்ளையின் விடுதியில் தங்கியிருக்கலாம். அடுத்த பெருநாளுக்கு அவரை வீட்டுக்கு அழையுங்கள்.

குளிரிலும் வெயிலிலும் பாதை உடைத்து உழைக்கும் எல்லா மக்களுக்கும் வல்ல அல்லாஹ் நலத்தையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.